வந்தபடியே வாசிக்கவும்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு நான் ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிப்பேன். பன்னிரண்டு வருடமாக இதுதான் என் கலைச்சேவை. மற்ற நாட்களில் ஒரு பேக்கரியில் பாணை எடுத்துத் தட்டில் அடுக்குகிறேன். இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசமில்லை. வருவதை வரிசையாக வைக்கவேண்டும், நசுக்கக்கூடாது.

என் அண்ணரின் பெயரை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான் இரண்டு தரம் வாசித்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதத் தெரியாதவன் எழுதினால் முன்னுக்குப் பின் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் படிப்பு எட்டாம் வகுப்பு. அதை இரண்டு தரம் படித்தேன். பெண் கேட்டுப் போன இடத்தில், "எட்டும் எட்டும் படிச்சனான்" என்று சொன்னேன். அவர்கள் பதினாறு என்று கூட்டினார்களோ என்னவோ, பெண்ணைத் தந்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது ஒரு குரல் மட்டும். பிறந்ததிலிருந்து தடிமன் பிடித்த குரல். வீட்டில் தேத்தண்ணி கேட்டால்கூட, ஆரோ போய்விட்டார்கள் என்று மனிசி திரும்பிப் பார்ப்பாள். அந்தக் குரலுக்குச் செத்தவர்களை விட்டால் வேறு வேலை கிடையாது.

ரேடியோ எங்களுடையது இல்லை. லண்டனில் நோர்பரியிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம் போனால் ஒரு சலூன் வரும். அதற்கு மேல்மாடியில் இருக்கிற கறுப்பு ஆட்களின் ரேடியோ அது. அதில் ஞாயிறு இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை தமிழ் ஆட்களான எங்களுக்கு. படியேறும்போதே தலைக்குப் பூசுகிற தேங்காயெண்ணெய் மணக்கும். முதல் நாள் நான், பரவாயில்லை, எங்கட ஆட்களின் இடம்தான் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். மேலே ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க இசைத்தட்டுகள். ஒரு மைக். அதற்கு முன்னால், கிழிந்த இடமெல்லாம் டேப் ஒட்டிய ஒரு கதிரை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குசினி, அதில் ஒரு கேத்தில். பெரிய வசதி அவ்வளவுதான்.

அந்த ரேடியோவைத் தொடங்கியவர் ஜமெய்க்காவிலிருந்து வந்த ஒரு மனுசி. எழுபத்தைந்து தாண்டியிருக்கும். கறுப்பு ஆட்களும் அவரை அன்ரி என்றார்கள், எங்கட ஆட்களும் அன்ரி என்றார்கள். இந்த ஒரு விசயத்தில் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மற்றதெல்லாம் கஷ்டம்தான். அவர் பேசிய இங்கிலீசில் பாதிதான் எனக்கு விளங்கியது. மீதியை நானாக நிரப்பிக்கொண்டேன். ஆகவே நான் சொல்லப்போகிற சரித்திரத்தில் பாதி என் பொய். எந்தப் பாதி என்று எனக்கே தெரியாது.

அந்தக் காலத்தில் கறுப்பு ஆட்களின் பாட்டை லண்டனில் எந்தப் பெரிய ரேடியோவும் போடாதாம். போட்டாலும், எல்லாரும் நித்திரையான பிறகு ஒன்று போடுவார்களாம். அன்ரிக்கு அப்போது ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. பதினெட்டாம் மாடியில், நகரசபை கொடுக்கிற கவுன்சில் வீடு. ஒரு சிநேகிதர் பிஸ்கட் பேணி அளவில் ஒலிபரப்புப் பெட்டி ஒன்று செய்து கொடுத்திருக்கிறார். அதை அரிசி வைக்கிற அலுமாரிக்குள் வைத்து, வயரை ஜன்னலால் விட்டு, மொட்டை மாடியில் உடுப்புக் காய்கிற கம்பிபோல ஒரு ஏரியலைக் கட்டினார்கள். லைசன்ஸ் கிடையாது. சனி ஞாயிறு மட்டும். ஞாயிறு காலை தேவாலயப் பாட்டு. பிறகு ஊர்ப் பாட்டு. இடையில், எங்கே அறை வாடகைக்கு இருக்கிறது, எங்கே எங்கட தலைமயிரை வெட்டத் தெரிந்த ஆள் இருக்கிறார், போன கிழமை வந்த ஆளுக்கு ஆரிடம் குளிர்ச்சட்டை இருக்கிறது, ஆர் செத்துப்போனார்கள்.

"சட்டத்துக்கு நாங்கள் கள்ளர். ஆனா நான் சொன்ன அறையில எத்தினை பேர் குடியிருந்தவை தெரியுமோ?" என்று அன்ரி கேட்பார். அவர் இங்கிலீசில் சொன்னதை நான் எங்கட கதையில் எழுதுகிறேன். அப்படித்தான் என் காதில் விழுந்தது.

வீட்டுப் போன் நம்பரைக் கொடுத்தால் பிடித்துவிடுவார்கள் என்று, கீழே வீதியில் நின்ற போன் பெட்டியின் நம்பரைத்தான் ரேடியோவில் சொன்னார்களாம். ஓர் ஆள் குடையோடு அந்தப் பெட்டிக்குள் நின்று, வருகிற செய்தியைத் துண்டில் எழுதி, லிப்ட் வேலை செய்தால் லிப்டிலும், செய்யாவிட்டால் படியிலும் மேலே கொண்டுவருவார். அதிகாரிகள் வந்து ஏரியலை அறுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த சனிக்கிழமை இன்னொன்று முளைத்துவிடும். ஒருமுறை பெட்டியைத் தேடி வீட்டுக்குள்ளேயே வந்திருக்கிறார்கள். அன்ரி அலுமாரியைத் திறந்து காட்டியிருக்கிறார். முன்னுக்கு அரிசி, பின்னுக்குப் பெட்டி. வந்தவர் அரிசியைப் பார்த்துவிட்டு, "நிறையச் சமைப்பீர்களோ?" என்று கேட்டாராம். "ஒரு நகரத்துக்கே" என்று அன்ரி சொன்னாராம். இது என் பொய்ப் பாதியாக இருக்கலாம். ஆனால் நல்ல பொய்.

ஒருவரும் சொந்தப் பெயரில் பேசவில்லை. பெயர் தெரிந்தால் ஆளைத் தூக்கிவிடுவார்கள். ஒருவர் டொக்டர், ஒருவர் பிஷப், ஒருவர் கேணல். டொக்டர் பஸ் ஓட்டினார். பிஷப் குழாய் திருத்தினார். கேணல் பள்ளிக்கூடத்தில் குப்பை கூட்டினார். பிறகு காலம் மாறி, கையெழுத்து வேட்டை, கூட்டம், மனு என்று நடந்து, லைசன்ஸ் கிடைத்து, இந்த மேல்மாடிக்கு வந்தார்கள். டொக்டரும் பிஷப்பும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். கேணல் மட்டும் மிச்சம். சட்டப்படியான ரேடியோவாக ஆன பிறகும் பெயர் மட்டும் பழைய வழக்கப்படிதான். நான் சேர்ந்த அன்று அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ என்ன படிச்சனி?" என்று கேட்டார். எட்டு விரலைக் காட்டினேன். "அப்ப நீ புரொபசர்" என்றார்.

அன்றிலிருந்து நான் புரொபசர். "அறிவித்தல்களை வாசித்தது உங்கள் புரொபசர்" என்றுதான் முடிப்பேன். முடித்த கையோடு ஒரு பகிடியும் விடுவேன். கடைத்தெருவிலும் கோயிலிலும் புரொபசர் என்றே கூப்பிடுவார்கள். என்ன பாடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரேடியோவில் ஆருக்கும் என் சொந்தப் பெயர் தெரியாது. தேவையும் வரவில்லை.

எங்கள் இரண்டு மணித்தியாலத்துக்கும் பொறுப்பு ஒரு ரீச்சர். ஊரில் கணிதம் படிப்பித்தவர். இங்கே கவுன்சிலில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். அறிவித்தல்களை வாங்கி, ரைப் பண்ணி, என் கையில் தருவார். மைக்குக்கு மேலே சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தார்: வந்தபடியே வாசிக்கவும்.

அந்தக் கடதாசிக்குக் காரணம் இருந்தது. எங்கட மரண அறிவித்தல் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். செத்தவர் ஓர் ஆள். ஆனால் அவர் ஆருடைய மகன், ஆருடைய கணவர், ஆருடைய தந்தை, மாமன், மைத்துனன், சகலன் என்று வரிசை போய்க்கொண்டே இருக்கும். செத்தவரைவிட இருப்பவர்களுக்குத்தான் அதில் அக்கறை. ஆருடைய பெயர் இருக்கிறது, ஆருடைய பெயர் இல்லை, ஆரை முதலில் சொன்னார்கள். தொடக்கத்தில் நான் ஒரு பெயரை விட்டுவிட்டேன், கண்ணாடி மாற்றவேண்டிய காலம். அந்தக் குடும்பத்தில் ஐந்து பேர் படியேறி வந்தார்கள். அடுத்த கிழமை இன்னொரு அறிவித்தலில், பாவம் என்று ஒரு பெயரைச் சேர்த்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் ரீச்சர் கடதாசி ஒட்டினார். குடும்பம் கொடுத்தது எதுவோ அது. ஓர் எழுத்துக் கூடாது, குறையாது.

அன்ரிக்கு இது விளங்கவே இல்லை. எங்களுக்கு முன்னால் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை அவருடைய நிகழ்ச்சி. அவரும் செத்தவர்களைப் பற்றிச் சொல்லுவார். சொல்லிவிட்டுப் போனைத் திறந்துவிடுவார். ஆர் வேண்டுமானாலும் எடுத்து, நான் அவற்ற கசின், எனக்காக ஒரு பாட்டுப் போடுங்கோ என்று கேட்பார்கள். ஒரு செத்தவருக்கு முப்பது கசின் வருவார்கள்.

"ஆர் உண்மையான கசின் எண்டு பாக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"கசின் எண்டு சொன்னா கசின்தான். செத்த ஆளோ வந்து மறுக்கப் போறார்?"

அவருடைய ஆட்களில் சிலர் ரேடியோவை நிற்பாட்டாமல் எங்கள் நிகழ்ச்சியையும் கேட்பார்களாம். ஓர் ஆஸ்பத்திரித் தாதி அன்ரியிடம், "உங்களுக்குப் பிறகு ஒருத்தர் காதல் கவிதை வாசிக்கிறாரே, நல்ல குரல்" என்று சொல்லியிருக்கிறார். நான் திருத்தவில்லை. வாழ்க்கையில் ஒருமுறையாவது காதல் கவிஞனாக இருந்துவிட்டுப் போகிறேன்.

போன வருடம் ஓர் ஆள் படியேறி வந்தார். நாற்பது வயதிருக்கும். சவுத்தாலில் இருந்து இரண்டு பஸ், ஒரு ரயில் மாறி வந்ததாகச் சொன்னார். மழையில் நனைந்த ஜக்கெட். அன்று நான் வாசிக்கப்போகிற ஓர் அறிவித்தல் அவருடைய தாயாருடையது. அவர் வேறு சாதியில் கலியாணம் செய்ததால் வீட்டில் பெயரை விட்டுவிட்டார்கள்.

"ஒரு சொல்லுத்தானே அண்ணை. ஆறு பிள்ளையள். அஞ்சைச் சொல்லுறியள். ஆறாவதையும் சொன்னா என்ன?"

நான் கடதாசியைக் காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"தம்பி, செத்தவ வந்து கையெழுத்துப் போட்டுத் தரட்டும், சேர்க்கிறன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கடதாசியைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய்விட்டார். கதிரையில் அவர் இருந்த இடம் ஈரமாக இருந்தது. நான் அதன்மேல் ஒரு பேப்பரைப் போட்டுவிட்டு இருந்து, ஐந்து பிள்ளைகளையும் வாசித்தேன்.

இனி அண்ணர்.

அண்ணர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒரு பகிடிக்கும் சிரிக்காதவர். இருவரும் ஒன்றாகத்தான் இந்த நாட்டுக்கு வந்தோம். வெங்காயம் ஏற்றிய லொறியில், மூட்டைகளுக்கு நடுவில். அவர் அப்டன் பார்க்கில் இருந்துகொண்டு, நல்ல வேலை தேடிக்கொண்டு, கழுத்தில் ரை கட்டுகிற ஆளாகிவிட்டார். மகளுக்கு நல்ல இடத்தில் கலியாணம் பேசினார். மாப்பிள்ளை வீட்டார் கொழும்பில் பெரிய ஆட்கள். அண்ணர் அவர்களுக்குத் தான் படிக்கிற விசாவில் வந்ததாகச் சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் என் வாயைப் பற்றி நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

கலியாண மண்டபத்தில் மைக்கை என்னிடம் தந்துவிட்டார்கள். பெண்ணின் சித்தப்பா, குரல் உள்ளவன். நான் வெங்காய லொறிக் கதையைச் சொன்னேன். "இங்க வந்து இறங்கேக்க அண்ணை தேம்பித் தேம்பி அழுதுகொண்டு நிண்டவர். வெள்ளைக்காரன் ஊர் ஞாபகம் எண்டு நினைச்சு மூக்குத் துடைக்க ரிசு குடுத்தவன். ஊர் ஞாபகமும் இல்லை ஒண்டும் இல்லை, வெங்காயம்!" என்றேன். மண்டபமே சிரித்தது. சாப்பாடு பரிமாறியவர்கள்கூட வாளியை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சம்பந்தி வீட்டார் மட்டும் அண்ணரைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணர் ரையைச் சரிசெய்தார்.

அதன்பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. பதினாலு வருடம். நான் இரண்டு தரம் அப்டன் பார்க்குக்குப் போனேன். இரண்டு தரமும் கதவு திறக்கவில்லை, ஜன்னல் சீலை மட்டும் ஆடியது. லொறிக் கதையைச் சொன்னதுதான் கோபம் என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் வேறொன்று தெரியும். லொறிக்குள் அழுதது அவர் இல்லை. நான். எனக்குப் பத்தொன்பது வயது. நிற்பாட்ட ஏலாமல் அழுதேன். சத்தம் வெளியே கேட்டால் எல்லாரும் பிடிபடுவோம். அண்ணர் தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். எத்தனை மணித்தியாலம் என்று தெரியாது. இறங்கியபோது அவருக்குக் கை விறைத்து விரல்கள் மடங்கவில்லை. பகிடி நன்றாக வரவேண்டும் என்பதற்காக நான் ஆளை மாற்றிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை.

நான் முன்கூட்டி வாசித்துப் பார்க்கிற ஆள் இல்லை. ரீச்சர் அதற்கு எத்தனையோ தரம் ஏசியிருக்கிறார். "புரொபசர், ஒருக்கா கண்ணால பாத்திட்டு வாசிக்கலாமெல்லே." நான், "செத்தவையே முன்கூட்டித் தெரியாமத்தான் போயினம் ரீச்சர்" என்பேன். அன்று மூன்று தாள் தந்தார். அன்ரியின் கடைசிப் பாட்டு முடிந்தது, சிவப்பு லைட் எரிந்தது, நான் தொடங்கினேன்.

முதலாவது, மானிப்பாயைச் சேர்ந்த ஓர் அம்மா. இரண்டாவது, ஓய்வுபெற்ற தபாலதிபர். மூன்றாவது தாளை எடுத்தேன். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், லண்டன் அப்டன் பார்க்கை வதிவிடமாகவும் கொண்ட, என்று வாசித்தேன். அடுத்த வரியில் அண்ணரின் பெயர் இருந்தது. அதையும் வாசித்தேன். நேற்று சனிக்கிழமை காலமானார் என்று வாசித்தேன்.

அண்ணர் செத்த செய்தியை எனக்குச் சொன்னது என் குரல்தான்.

குரல் தடுமாறவில்லை. அது பழகின மாடுபோல வரியின் மேலே போய்க்கொண்டிருந்தது. அன்னார், காலஞ்சென்ற இன்னாரின் மூத்த மகனும் என்று எங்கள் அப்பா, அம்மாவின் பெயர்கள் வந்தன. அண்ணியின் அன்புக் கணவரும். மகளின் பாசமிகு தந்தையும். மருமகனின் மாமனாரும். கனடாவில் இருக்கிற தங்கைச்சியின் அன்புச் சகோதரரும். தங்கைச்சியின் புருசனின் மைத்துனரும். அந்த மனுசனை அண்ணருக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. அவர்கூட இருந்தார். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். பிறகு, ஆவார். முடிந்துவிட்டது. நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளை.

"இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று எப்போதும்போல முடித்தேன். "அறிவித்தல்களை வாசித்தது உங்கள் புரொபசர்."

ரீச்சர் பாட்டுப் போட்டார். மின்விசிறி சுற்றியது. கதிரைக் கையில் டேப் உரிந்திருந்ததை அழுத்தி ஒட்டினேன். அது திரும்ப உரிந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பஸ் வருமா என்று பார்ப்பதுபோல. காலில் சப்பாத்து இறுக்கமாக இருந்தது மட்டும் தெரிந்தது.

போன் அடித்தது. மனிசி. வீட்டில் சமைத்துக்கொண்டு கேட்பவள்.

"உங்கட அண்ணையோ?"

"ஓம்."

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"இல்லை. வாசிக்கேக்கதான் தெரியும்."

குக்கரை நிற்பாட்டிவிட்டு வந்தாள். "உங்கட பேரை நீங்கள் வாசிக்கேல்லை" என்றாள்.

"இருந்தாத்தானே வாசிக்கிறதுக்கு."

"சரி. முடிஞ்ச உடன நேர வீட்ட வாங்கோ. ஒருத்தரோடயும் பகிடி விட்டுக்கொண்டு நிக்கவேண்டாம்."

ரீச்சர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முகம் மாறிவிட்டது. "புரொபசர், அது உங்கட அண்ணையோ? ஐயோ, எனக்குத் தெரியாதே. நான்தானே ரைப் பண்ணினனான்." பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? என் பெயர் தெரிந்தால்தானே தகப்பன் பெயரைப் பார்த்துப் பிடித்திருப்பார். அவர் உடனே அறிவித்தல் அனுப்பிய நம்பருக்குப் போன் எடுத்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். கணிதம் படிப்பித்தவர்கள் ஒரு கணக்கைப் பாதியில் விடமாட்டார்கள்.

அவர் கதைத்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். அண்ணரின் மகள். எனக்குப் பெறாமகள். அந்தக் கலியாணத்துக்குப் பிறகு அவள் குரலை நான் கேட்டதில்லை.

"சித்தப்பா... ஐ ஆம் சொறி. நான் செய்யேல்லை. அப்பாவே எழுதினது. ஹொஸ்பிட்டல்ல இருந்து, லாஸ்ட் வீக். எல்லாம் தன்ர கையால, செத்த நாளை மட்டும்தான் நான் சொன்னது. ஒண்டும் மாத்தக்கூடாது எண்டு சொன்னவர்."

"ஓம் பிள்ளை."

"உங்கட ரேடியோல மட்டும்தான் குடுக்கவேணும் எண்டும் சொன்னவர். வேற ஒண்டிலயும் வேண்டாமாம். ஐ டோன்ட் நோ வை, சித்தப்பா. அவர் எவ்ரி சண்டே கேக்கிறவர்."

"ஆர்? அண்ணையோ?"

"ஓம். இரண்டு மணிக்கு ரேடியோவ ஓன் பண்ணுவார். டெத் நோட்டிஸ் முடிய ஓஃப் பண்ணிடுவார். நீங்கள் ஜோக் சொல்லத் தொடங்கமுன்னம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வரவில்லை, உள்ளே எங்கேயோ ஒரு கதவு தட்டியதுபோல வந்து போனது. பன்னிரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் குரல் அந்த வீட்டுக்குள் போய் வந்திருக்கிறது, எனக்குத்தான் கதவு திறக்கவில்லை. ஒருநாளும் பகிடி விடாத மனுசன். விட்ட ஒரே பகிடி இதுதான். மைக்கை என் கையில் தந்து, ஊர் முழுக்கக் கேட்க, நான் இல்லாத வரிசையை என்னைக்கொண்டே வாசிப்பித்துவிட்டார். நான் அவருக்குச் செய்த அதே வேலை. ஆளை மாற்றி. எவ்வளவு யோசித்திருப்பார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு.

அல்லது, தன்னை வேறு ஆரும் வாசிக்கக்கூடாது என்று நினைத்தாரோ. அதைக் கேட்க இனி ஆளில்லை.

ரீச்சர் தன் போனில் இருந்த படத்தைக் காட்டினார். கொப்பித் தாளில் அண்ணரின் எழுத்து. நேர் கோட்டில், அடித்தல் திருத்தல் இல்லாமல். கீழே கையெழுத்தும் போட்டு, திகதியும் இட்டிருந்தார். செத்தவர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும் என்று நான் ஒருவருக்குச் சொல்லியிருந்தேனல்லவா. வந்துவிட்டது.

எங்கள் அறிவித்தல்களை இரண்டு தரம் வாசிப்பது வழக்கம். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவதற்குப் பத்து நிமிடம் முன்னம் இன்னொருமுறை. பிந்தி வந்து கேட்பவர்களுக்காக. ஆகவே மூன்று ஐம்பதுக்கு நான் அதைத் திரும்ப வாசிக்கவேண்டும்.

ரீச்சர் அன்ரியிடம் போய்ச் சொல்லிவிட்டார். அன்ரி குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்தார். சீனி கூடப் போட்டிருந்தார். என் தோளில் கையை வைக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு நேரே கேட்டார்.

"நீ அவற்ற தம்பியோ இல்லையோ?"

"தம்பிதான்."

"அப்ப சொல்லு. இது என்ர ரேடியோ. இங்க ஆரும் தன்னைத் தம்பி எண்டு சொன்னா அவர் தம்பிதான். என்ன, பொலிஸ் வருமோ? பொலிஸ் வந்து நான் பாக்காததோ?"

"எழுதினவர் அவர்தான் அன்ரி. செத்தவர்."

அன்ரி தாளைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்து ஜிலேபிபோலத்தான் தெரிந்திருக்கும். "பிடிவாதக்காரன்" என்று மட்டும் சொன்னார். இதை இங்கிலீசில்தான் சொன்னார், ஆனால் எனக்கு முழுதாக விளங்கியது.

ரீச்சர் பென்சிலை எடுத்தார். "அந்தக் கடதாசி நான் எழுதினது. நானே சொல்லுறன், இண்டைக்குப் பரவாயில்லை. உங்கட சரியான பேரென்ன?"

பன்னிரண்டு வருடத்தில் முதல்முறை கேட்கிறார். சொன்னேன். தங்கைச்சியின் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் மெல்ல எழுதினார். அவருடைய வடிவான ரீச்சர் எழுத்து. என் பெயரை அவ்வளவு வடிவாக ஆரும் எழுதி நான் பார்த்ததில்லை.

இடையில் எங்கள் வழக்கமான நிகழ்ச்சி போனது. ரீச்சர் சமையல் குறிப்பு வாசித்தார். நேயர் விருப்பம் போட்டார். எட்டு பேர் போன் எடுத்து, அறிவித்தலில் உங்கட பெயர் விடுபட்டுப் போச்சே என்றார்கள். என்னை உண்மையில் தெரிந்தவர்கள் எட்டு பேர்தான் என்று அன்று தெரிந்தது. தேத்தண்ணி ஆறி மேலே ஆடை படர்ந்தது. நான் ஜன்னலால் பார்த்தேன். கீழே சலூன் வாசலில் ஒருவர் பாதி வெட்டிய தலையோடு நின்று போனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அது எனக்குப் பகிடியாகத் தெரியவேண்டும். தெரியவில்லை. பாதித் தலை, அவ்வளவுதான்.

மூன்று ஐம்பது. சிவப்பு லைட்.

மானிப்பாய் அம்மா. தபாலதிபர். மூன்றாவது தாள்.

அப்பா பெயர், அம்மா பெயர், அண்ணி, மகள், மருமகன். தங்கைச்சியின் பெயரை வாசித்தேன். பக்கத்தில் பென்சில். ரீச்சர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று தலையாட்டினார், சொல்லுங்கோ என்று. அன்ரியும் நின்றார். ஒரு சொல்லுத்தான். வாயைத் திறந்தால் வந்துவிடும். அந்த நனைந்த ஜக்கெட்காரர் சவுத்தாலில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாரோ என்று ஒரு நினைவு வந்தது. ஒரு சொல்லுத்தானே அண்ணை. அவருக்கு மறுத்த சொல்லை எனக்கு மட்டும் எப்படிச் சொல்வது. அண்ணரும் ஒன்றும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஒருமுறை நான் மாற்றிச் சொன்னதே போதும்.

பென்சிலைத் தாண்டிப் போனேன். தங்கைச்சியின் புருசன். பேரப்பிள்ளைகள். ஆவார். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அதோடு தாள் முடிகிறது. தாளில் இருப்பதை வந்தபடியே வாசித்துவிட்டேன். ஓர் எழுத்துக் கூடவில்லை, குறையவில்லை. அதற்குப் பிறகு வருவது தாளில் இல்லாதது. வாசித்தவரின் பெயர். அதைப் பற்றி ரீச்சரின் கடதாசியில் ஒன்றும் இல்லை. அண்ணரும் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

"அறிவித்தல்களை வாசித்தது" என்றேன். பிறகு எங்கள் வழக்கப்படி முதலில் அப்பாவின் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் முன்னம் அண்ணரின் பெயரோடு வாசித்த அதே பெயர். அதன்பிறகு என் பெயரைச் சொன்னேன். மெதுவாக, இரண்டையும் முழுதாக. மைக்கில் என் சொந்தப் பெயரை நான் சொன்னது அதுதான் முதல்தரம். எனக்கே அது ஆரோ ஒருவருடைய பெயர்போலக் கேட்டது.

லைட் அணைந்தது. ரீச்சர் தாளை வாங்கி, பென்சில் எழுத்தை அழிக்காமல், இரண்டாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். அன்ரி கேணலுக்குக் கதவைத் திறக்கப் போனார். நாலு மணிக்கு அவருடைய நிகழ்ச்சி. கேணலுக்கு எண்பது வயது. படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, கதிரையைக் காட்டி, எழும்பு என்றார். எழும்பினேன்.

போன் அடித்தது. ரீச்சர் எடுத்தார். "ஓம்... ஓம்... பொறுங்கோ" என்று சொல்லி, கையால் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு நேயர் கேக்கிறார், கடைசியா வாசிச்சது ஆர் எண்டு. புது ஆளோ எண்டு கேக்கிறார். பகிடி ஒண்டும் விடாம வாசிக்கிறாராம், புரொபசரைவிடத் திறமாம். அடுத்த கிழமையும் அவரையே போடட்டாம். என்ன சொல்ல?"

நான் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டேன்.

"இண்டைக்கு மட்டும்தான் வந்தவர் எண்டு சொல்லுங்கோ ரீச்சர்" என்றேன்.